சின்னக் கூண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. ராத்திரி கொல்லைப் பக்கம் போவதற்கே பெண்டாட்டியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான். நடந்தது என் அக்கா செவந்தியின் வீட்டுக்காரர் உதயசூரியனுக்கு. அன்றைக்கு நானும் அவர்களோடு போயிருக்க வேண்டியது. மலை ஏறச் சொல்வார்களே என்று பயந்து, பல்வலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். என் சோம்பேறித்தனம் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

இன்னொன்று. பேய்க் கதை என்றால் அமாவாசை, பன்னிரண்டு மணி என்று எதிர்பார்ப்பீர்கள். பன்னிரண்டு மணி சரிதான். ஆனால் பகல் பன்னிரண்டு. கத்திரி வெயில்.

உதயசூரியனைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் அப்பா எந்தக் கட்சி என்பதை அவர் பேரே சொல்லிவிடும். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பலாத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறார். நல்ல மனுஷன். வாய் மட்டும் கொஞ்சம் முந்தும். ஒரு வேலையைச் செய்வதற்கு முன்னாலேயே ‘ஆச்சு’ என்று சொல்லிவிடுகிற வாய். கரண்டு பில் கட்டியாச்சா? கட்டியாச்சு. மோட்டாரை நிறுத்தியாச்சா? நிறுத்தியாச்சு. அக்கா பின்னாலேயே போய்க் கட்டிவிட்டு, நிறுத்திவிட்டு வருவாள். குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தோப்பில் குரங்குத் தொல்லை. ஒரு பழத்தை முழுசாகத் தின்றுவிட்டுப் போனால் அது பசி. பத்துப் பழத்தைக் கிழித்து, ஆளுக்கு ஒரு சுளை எடுத்துவிட்டுப் போனால் அது கொழுப்பு. எங்கள் குரங்குகளுக்குக் கொழுப்பு. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒரு பெண் குரங்கு இருந்தது. இடது காது கிடையாது. என்றைக்கோ நாய் பிடுங்கியது. அக்கா மகள் இலக்கியாவுக்கு அப்போது ஏழு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து, வேலியில் வைத்துவிட்டு நிற்பாள். ஒத்தக்காது வரும், எடுக்கும், போகும். தலையில் ஒரு குட்டு வைத்ததில்லை, பல்லைக் காட்டியதில்லை. இலக்கியாவின் தலையில் பேன் அதிகம். ஒருநாள் ஒத்தக்காது அவள் பின்னால் உட்கார்ந்து முடியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததாம். அக்கா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

போன வருஷம் வைகாசியில் தோப்புக்காரர்கள் சேர்ந்து, அனுமதியெல்லாம் வாங்கி, இன்னாசி என்று ஒருவரைக் கூப்பிட்டார்கள். குரங்கு பிடிப்பதில் கைதேர்ந்தவர். அவர் வழி இதுதான். குட்டி மட்டும் நுழைகிற அளவுக்கு வாசல் வைத்த ஒரு சின்னக் கூண்டு. முதலில் அதில் குட்டிகளைப் பிடிப்பார். அந்தச் சின்னக் கூண்டைப் பெரிய கூண்டுக்குள் வைப்பார். அவ்வளவுதான். பழம் வேண்டாம், கடலை வேண்டாம். குட்டி கத்தும். ஆத்தாக்காரி உள்ளே வரும். கதவு விழும் என்று தெரிந்தே வரும்.

எல்லாம் மாட்டியதும் சின்னக் கூண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். நெரிசலில் குட்டி நசுங்கிவிடக் கூடாது. மலையில் கொண்டுபோய் இறக்கும்போது முதலில் திறப்பது சின்னக் கூண்டு. பிறகுதான் பெரியது. இறங்குகிற ஒவ்வொன்றும் தன் பிள்ளையைத் தூக்கி வயிற்றில் ஒட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடும்.

சின்னக் கூண்டை வேலியோரம் வைத்தார்கள். உள்ளே ஏழு குட்டிகள். வெயில் படக் கூடாது என்று உதயசூரியனே ஒரு நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். நல்ல எண்ணத்தில்தான். அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

லாரி கிளம்பும்போது இன்னாசி தலையை வெளியே நீட்டினார்.

“சின்னக் கூண்டை ஏத்தியாச்சாண்ணே?”

உதயசூரியன் லாரிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு. போயிட்டு வாங்க.”

அன்று ராத்திரி இன்னாசி மலையிலிருந்து போன் போட்டார். “அண்ணே, இங்கிட்டு சின்னக் கூண்டைக் காணோமே. இருட்டுல பயலுக பெரிய கூண்டை மொதல்ல தொறந்துட்டானுங்க. பெருசுக எல்லாம் எறங்கி லாரியவே சுத்திச் சுத்தி வருதுக.”

“நல்லாப் பாருங்க. தொட்டி மூலையில கெடக்கும்.”

சொல்லிவிட்டு, விடிந்ததும் பழ லோடோடு தஞ்சாவூர் போய்விட்டார். தோப்பில் ஆள் நடமாட்டம் இல்லை. குரங்கே போய்விட்ட பிறகு காவல் எதற்கு? மூன்றாம் நாள் வந்து தார்ப்பாயைத் தூக்கினார்.

அதை நான் எழுதப் போவதில்லை.

“ஏத்துற பயலுக மறந்துட்டானுங்க” என்று ஊருக்குச் சொன்னார். ஊரும் நம்பியது, நானும் நம்பினேன். எங்கள் பக்கத்தில் குரங்கு செத்தால் சும்மா தூக்கிப் போடுவதில்லை. மனுஷருக்குச் செய்கிற மாதிரி செய்யணும். உதயசூரியன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஏழு குட்டிகளையும் ஏழு வெள்ளைத் துணியில் தனித்தனியாக முடிந்து, கீரமங்கலம் கமிஷன் கடையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பூ இறக்கி, சங்கு ஊதி, தப்படித்து, அந்தத் தார்ப்பாயையே மேலே போர்த்தி, தோப்பு மூலையில் புதைத்தார். மூன்றாம் நாள் பால் ஊற்றினார். மேலே ஒரு சின்ன சிமெண்டு மேடை. ரோட்டோரம் ஒரு பிளக்ஸ். ‘கண்ணீர் அஞ்சலி.’ கீழே நெட்டிலிருந்து எடுத்த ஏதோ வடநாட்டுக் குரங்கின் படம், தபால்தலை அளவுக்கு. மேலே கைகூப்பியபடி உதயசூரியன், ஆள் உயரத்துக்கு. “மச்சான், ஒங்களுக்குத்தான் மூணாம் நாளுன்னு பஸ்ல பேசிக்கிறாய்ங்க” என்று நான் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கு என் வாயைச் சாக்கு ஊசியால் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போது லீவுக்கு என் வீட்டுக்கு வந்திருந்த இலக்கியாவுக்குச் செத்தது எதுவும் தெரியாது. குரங்கெல்லாம் எங்கே என்று கேட்டாள். “மலைக்கு டூர் போயிருக்கு ஆத்தா” என்றார். ஒரு வருஷமாக அவள் அதையே பிடித்துக்கொண்டாள். எப்ப திரும்பி வரும்? நாம போய்ப் பார்ப்பமா? இந்த வருஷம் மே மாதம், லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

குமிழமலை வனப் பூங்கா, இன்னாசி குரங்குகளை இறக்கிய மலை. பேரை மாற்றியிருக்கிறேன், தேடிப் போகாதீர்கள். எங்கள் ஜில்லாவில் மலை என்றால் கொடைக்கானலை நினைத்துவிட வேண்டாம். ஒரு பெரிய மொட்டைப் பாறை, நாலைந்து இலுப்பை மரம், சுற்றிலும் காராச்செடியும் முள்ளும். ஏறிப் பார்க்கப் படிக்கட்டு. வாசலில் ஒரு பெரிய போர்டு: ‘குரங்குகளுக்கு உணவளிக்காதீர்.’

டிக்கெட் கொடுத்த பெண் பிளெஸ்ஸி, பத்தொன்பது இருபது வயசு இருக்கும்.

“கொரங்கு நெறைய இருக்குமாம்மா?”

“தெரியலங்கண்ணே. நான் போன வாரந்தான் வேலைக்கு வந்தேன். போர்டு வச்சிருக்காங்கல்ல, அப்ப இருக்கும்.”

காரை நிறுத்த ஒரே ஒரு நிழல்தான் இருந்தது. ஒரு புங்க மரம். அதன் அடியில் நிறுத்தினார். வேறு வண்டி எதுவும் இல்லை. மூன்று பேரும் இறங்கினார்கள்.

“பூட்டிட்டீங்களா?” என்றாள் அக்கா.

“பூட்டியாச்சு.”

ரிமோட்டை அமுக்கினார். டுங் என்றது. சாவியைப் பேண்ட் பையில் போட்டார். இதை அவர் என்னிடம் நூறு தரம் சொல்லிவிட்டார். டுங் என்றது மாப்ளே, என் காதால கேட்டேன் மாப்ளே.

படி ஏறும்போதே அக்காவுக்கு ஏதோ இடித்தது. புங்க மரத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. சில்வண்டுச் சத்தம்கூட இல்லை. வெயிலுக்கு எல்லாம் அடங்கிக் கிடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். இலக்கியா முன்னால் குதித்துக் குதித்து ஏறினாள். கையில் கடலைப் பொட்டலம்.

பாறை முகட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி.

அங்கே இருந்தன.

வரும்போது பார்க்கவில்லை. திரும்பியதும் இருந்தன. முப்பதுக்குக் குறையாது. பாறை முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தன. கொதிக்கிற பாறை. செருப்பு இல்லாமல் நாம் ஒரு நிமிஷம் நிற்க முடியாது.

“அப்பா! ஒத்தக்காது!”

அதுவேதான். நடுவில். இடது காது இல்லாமல். உதயசூரியனுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். சிங்கப்பூர் பஸ் ஸ்டாப்பில் கறம்பக்குடிக்காரனைப் பார்த்த மாதிரி. “அடியே, எங்கூரு ஆளுகளா! சொகமா இருக்கீகளா? பழம் கெடைக்குதா இங்கிட்டு?” என்று ஒரு கும்பிடு போட்டார். அக்காகூடச் சிரித்துவிட்டாள்.

தன் சட்டைப் பையிலிருந்து கடலையை அள்ளி எறிந்தார்.

ஒன்றும் நகரவில்லை.

கடலை பாறையில் உருண்டது. கால் பக்கத்தில் போய் நின்றது. குனிந்துகூடப் பார்க்கவில்லை. குரங்கு கடலையை எடுக்காமல் இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மனுஷன் காசை எடுக்காமல் இருப்பான். குரங்கு கடலையை எடுக்காமல் இருக்காது.

“என்னங்க...” என்றாள் அக்கா. “ஒண்ணுகூடக் கத்தலையே.”

“வெயிலு புள்ள. களைச்சுப் போயிருக்கும்.”

“அதுக கையைப் பாருங்க.”

பார்த்தார்.

சில குரங்குகள் ஒரு கையை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தன. குட்டி விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும் இல்லையா, அந்த மாதிரி. விரலெல்லாம் வளைந்து, பதமாக, எதையோ தாங்கி...

உள்ளே எதுவும் இல்லை.

ஏழு கைகள். ஏழும் காலி.

அந்த ஏழு யாரால் ஆனது என்று உதயசூரியனுக்கு மட்டும்தான் தெரியும். பயத்தில் ஆள் என்ன செய்வான்? அவர் போனை எடுத்தார். போட்டோ எடுப்பது மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதுகள் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு மறைப்பு. திரையில் வெறும் பாறை தெரிந்தது. வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை என்று கையால் நிழல் கட்டினார். பாறை நன்றாகவே தெரிந்தது. கடலைகூடத் தெரிந்தது.

போனை இறக்கினார்.

பாறை காலி.

“செவந்தி... பாப்பா எங்க?”

“இங்கதான... இந்தா நின்னாளே...”

இல்லை.

அவள் கொண்டுவந்த கடலைப் பொட்டலம் மட்டும் கிடந்தது. கட்டு அவிழாமல்.

கத்தினார்கள். இலுப்பை மரத்துக்குப் பின்னால். பாறைச் சரிவில். மழைத்தண்ணி தேங்குகிற குழியில். அக்கா முள்ளுக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். சேலை கிழிந்தது. கையெல்லாம் ரத்தம். பிளெஸ்ஸி சத்தம் கேட்டுப் படியேறி ஓடி வந்தாள். “கீழ யாரும் எறங்கி வரலையேண்ணே, நான் வாசலைத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

அரை மணி நேரம் போயிற்று.

நாற்பது நிமிஷம்.

உதயசூரியன் பாறை உச்சியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். குரல் எங்கேயும் மோதித் திரும்பி வரவில்லை. பஞ்சுக்குள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் கேட்டது.

பட... பட... பட...

காற்றில் தார்ப்பாய் அடிக்கிற சத்தம்.

காற்று இல்லை. ஒரு இலை ஆடவில்லை.

பட... பட... பட...

கீழேயிருந்து. புங்க மரத்துப் பக்கமிருந்து.

அவருக்குப் புரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஓடினார். படியில் இரண்டு தரம் விழுந்தார். முட்டி உடைந்தது. எழுந்து ஓடினார்.

புங்க மரத்தடியில் கார் இல்லை.

கார் இருந்தது. தெரியவில்லை.

மேலே, முன்னால், பின்னால், கண்ணாடி முழுக்க... குரங்குகள். இடைவெளி இல்லாமல். ஒன்றோடு ஒன்று ஒட்டி. காரை மூடியிருந்தன. தார்ப்பாய் போட்டு மூடுகிற மாதிரி.

எல்லாம் அவரையே பார்த்தன.

“பாப்பா!”

உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம்.

டக்...

டக்...

கண்ணாடியில் கை தட்டுகிற சத்தம். தட்டி, ஓய்ந்து, தட்டி...

சாவியை எடுத்தார். அமுக்கினார். டுங். கதவு திறக்கவில்லை. டுங். திறக்கவில்லை. குரங்குகளுக்கு நடுவில் கையை விட்டுக் கதவைப் பிடித்து இழுத்தார். கை எதிலும் படவில்லை. ஆனால் சுட்டது. இரும்புக் கம்பியை வெயிலில் போட்டு எடுத்த மாதிரி சுட்டது. சாவியைத் துவாரத்தில் செருகினார். திரும்பவில்லை.

டக்...

பின் கண்ணாடிக்கு நேரே ஒத்தக்காது உட்கார்ந்திருந்தது. ஒரு கை வயிற்றில். காலியாக.

அவர் மண்டி போட்டார். வாழ்க்கையில் ஒரு தரம்கூட ‘ஆகவில்லை’ என்று சொல்லாத வாய்.

“ஏத்தல...” என்றார். “நான் ஏத்தல. ஏத்தியாச்சுன்னு பொய் சொன்னேன். பயலுக மேல பழியைப் போட்டேன். என்னைய எடுத்துக்கங்க. புள்ளைய விட்ருங்க... ஒனக்கு அவ பிஸ்கட்டு தந்தாளே... ஆத்தா... ஒனக்கு அவ பிஸ்கட்டு தந்தாளே...”

ஒத்தக்காது அசையவில்லை.

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

அவர் கல்லைத் தூக்கினார். கண்ணாடியை உடைக்க வேண்டுமானால் அதன் முகத்தில்தான் அடிக்க வேண்டும். அது கண்ணை மூடவில்லை. ‘அடி’ என்கிற மாதிரி பார்த்தது. இன்னொரு தரம் என்கிற மாதிரி.

கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

கண்ணாடி நொறுங்கியது.

கண்ணைத் திறந்தபோது காரில் ஒரு குரங்கும் இல்லை. காக்காய் ஒன்று எங்கேயோ கத்தியது. மணி ஒன்று ஐந்து.

பின்சீட்டில் இலக்கியா. துவண்டு கிடந்தாள். உதடு வெடித்து, உடம்பு அனலாக. மூச்சு இருந்தது. அக்காவும் பிளெஸ்ஸியும் ஓடி வந்தார்கள். பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றி, வாயில் ஊற்றி... நாலு மடக்கு குடித்தாள். கண்ணைத் திறந்தாள். அக்காவைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

“அவங்களுக்கும் குடும்மா.”

“யாருக்குடி?”

இலக்கியா சீட்டைக் காட்டினாள். சீட்டில் கண்ணாடித் தூள்தான் கிடந்தது.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா உதயசூரியனைப் பிடித்துத் திட்டிய திட்டில் பக்கத்து வார்டு எழுந்து உட்கார்ந்தது. “காருக்குள்ள புள்ளைய விட்டுட்டுப் போவீங்களா? மனுசங்கதானா நீங்க? இன்னும் பத்து நிமிசம்னா...” அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பூட்டியாச்சு என்றும் சொல்லவில்லை, பூட்டவில்லை என்றும் சொல்லவில்லை.

நான் ராத்திரி போய்ச் சேர்ந்தேன். இல்லாத பல்வலிக்குக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. அக்கா பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

“டேய் கோபி. இங்க பாரு.”

முடியை விலக்கிக் காட்டினாள். வகிடு வகிடாக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து பிரித்த மாதிரி. மூன்று வருஷமாக வேப்பெண்ணெய், மருந்து, மொட்டை என்று எதற்கும் போகாத பேன். ஒன்றுகூட இல்லை. ஈர்கூட இல்லை.

மறுநாள் காலை பூங்காவிலிருந்து ஒருவர் வந்தார். முத்துராஜ், வன காவலர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவாம். இலக்கியாவின் ஒற்றைச் செருப்பு பாறையில் கிடந்தது என்று கொண்டுவந்து கொடுத்தார். நலம் விசாரித்தார். நான்தான் பேச்சை இழுத்தேன்.

“அந்தக் கொரங்குகளை வேற எங்கயாச்சும் கொண்டுபோய் விடக் கூடாதாங்க? ஆளை மெரட்டுதே.”

அவர் என்னையே பார்த்தார்.

“எந்தக் கொரங்குங்க?”

“ஒங்க மலைக் கொரங்கு.”

“எங்க மலையில கொரங்கே கெடையாதுங்களே.”

போன வருஷம் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து விட்டார்களாம். போர்டுகூட அப்போது வைத்ததுதான். அதுகள் காட்டுக்குள் போகவே இல்லை. லாரி நின்ற இடத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. பழம் வைத்தால் எடுக்கவில்லை. தண்ணீர் வைத்தால் குடிக்கவில்லை. ராத்திரியும் பகலும் ரோட்டையே பார்த்துக்கொண்டு... ஒவ்வொன்றாக.

“பத்து நாள்ல ஒண்ணுகூட மிஞ்சலைங்க. கடைசியாச் செத்தது ஒரு பொட்டைக் கொரங்கு. ஒத்தக் காது. எல்லாத்தையும் அந்தப் புங்க மரத்தடியிலதான் பொதைச்சோம்.”

உதயசூரியன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

அப்புறம்தான் நான் முன்னே எழுதியதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னார். ஏத்தியாச்சு என்றது, தஞ்சாவூர், தார்ப்பாய், எல்லாவற்றையும். அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன். இன்னாசிக்குப் போன் போட்டோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “குட்டியை ஆத்தாகிட்ட கொண்டுபோய்ச் சேருங்கண்ணே. எறக்கும்போது மொதல்ல சின்னக் கூண்டு. அதான மொறை” என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தோப்பு மூலையில் சிமெண்டு மேடையை உடைத்தோம். நானும் உதயசூரியனும் மட்டும். எனக்குக் கடப்பாறை பிடித்துப் பழக்கமில்லை. முதல் போடே என் செருப்பு நுனியில் இறங்கியது. சிரிக்க ஆள் இல்லை. மூன்றடி தோண்டியதும் நீலத் தார்ப்பாய் தெரிந்தது. விரித்தோம். பூமாலை நார் தெரிந்தது. அதற்குக் கீழே ஏழு வெள்ளை முடிச்சுகள். வரிசையாக. வைத்தது வைத்தபடி.

உதயசூரியன் ஒன்றைக் கையில் எடுத்தார். அவர் முகம் மாறியது.

துணி கிழியவில்லை. முடிச்சு அவிழவில்லை. அவர் போட்ட முடிச்சுதான், அவருக்குத் தெரியும். பல்லால் கடித்து அவிழ்த்தார்.

உள்ளே எதுவும் இல்லை. எலும்பு இல்லை. ஒரு மயிர் இல்லை.

ஏழும் காலி.

கொண்டுபோய்ச் சேர்க்க ஒன்றும் இல்லை என்றாலும், அந்த ஏழு துணிகளையும் புங்க மரத்தடியில் வைத்துவிட்டு வந்தோம். சின்னக் கூண்டையும் கொண்டுபோய்க் கதவைத் திறந்து வைத்தோம். உதயசூரியன் தரையில் விழுந்து கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை.

கார் கண்ணாடியைப் புதிதாகப் போட்டோம். போட்ட மறுநாளே அதில் சின்னச் சின்னக் கை அச்சு. எட்டணா அளவுக்கு. துடைத்தால் போகவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, “இது உள்பக்கம்ணே” என்றார். காரை விற்றுவிட்டோம். இப்போது உதயசூரியன் எதையும் பூட்டுவதில்லை. வீடு, பீரோ, தோப்புக் கேட், எல்லாம் ராத்திரியும் திறந்தே கிடக்கிறது. ‘ஆச்சு’ என்ற வார்த்தை அவர் வாயில் வருவதே இல்லை.

இலக்கியா நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். ஒரே ஒரு மாற்றம்தான். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், ஸ்கூல் வேனோ பஸ்ஸோ, பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு ஒதுங்கி உட்காருவாள். “ஏன் பாப்பா ஒதுங்குற?” என்று ஒருநாள் கேட்டேன். இது தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“அவங்களுக்கு எடம் வேணாமா மாமா?”

அது ஜூன் மாதம்.

போன வாரம் என் வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் அவள் ஒருத்திதான். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கண்ணாடியில் பார்த்தேன். கதவோடு கதவாக ஒட்டி, முட்டியை மடக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சாண் போதாதாம் இப்போது.

குட்டிகள் வளர்கின்றன.